பழைய கணினியில் இணையத் தொலைபேசி: வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மே 5ஆம் திகதி ஸ்கைப் நிறுத்தப்பட்டது. ரொறொன்ரோவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளையோடு பேசுவதற்கென்றே மேசைக் கணினி வாங்கிய வீடுகள் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் உண்டு. ஸ்கைப் போனதும் அந்தக் கணினிகளில் பல துணி போர்த்தப்பட்டு மூலைக்குப் போய்விட்டன. கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப் இருக்கும்போது கணினி எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கண் மங்கி, காது மந்தமாகிவிட்ட ஒருவருக்குச் சின்னத் திரையைத் தடவிக்கொண்டிருப்பதைவிட, காதை முழுவதும் மூடும் ஹெட்செட்டும் பெரிய எழுத்துக் காட்டும் திரையும் வசதி. சனசமூக நிலையத்துக்கும் சிறு கடைக்கும் மேசையை விட்டு நகராத ஒரு தொலைபேசி எண் தேவைப்படுகிறது. வெளிநாட்டு வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும் தூதரகமும் பெரும்பாலும் தங்கள் சாதாரண எண்ணுக்கு அழைக்கத்தான் சொல்கின்றன.

"கணினி பழசு, இனி இதில் பேச முடியாது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வொக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் 1995 பெப்ரவரியில் இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்கு விட்டபோது, அது 486 வகைச் செயலியில் ஓடியது. உங்கள் வீட்டுக் கணினி எவ்வளவு பழையதானாலும் அதைவிடப் பல மடங்கு வலுவானது. குரல் அன்றும் இன்றும் இலேசானதுதான். கனத்துப் போனவை உலாவிகளும் காணொளியும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே தீர்மானத்தின் மேல் நிற்கிறது: இந்தக் கணினியில் முகம் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், குரலுக்கு மட்டுமான சிறிய மென்பொருளைப் போடுங்கள், மிச்சமாகும் காசை மைக்குக்கும் கேபிளுக்கும் செலவிடுங்கள். முகம் பார்க்கக் கைத்தொலைபேசி இருக்கவே இருக்கிறது.

படி 1: எந்த வழியில் பேசப்போகிறீர்கள்

இணைய அழைப்புக்கு இரண்டு வழிகள். முதலாவதில் இரு முனையிலும் ஒரே செயலி இருக்க வேண்டும்: வாட்ஸ்அப், வைபர், டீம்ஸ் போன்றவை. இவற்றின் கணினிப் பதிப்புகள் பழைய விண்டோஸை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டு வருகின்றன. வாட்ஸ்அப்பின் கணினிச் செயலிக்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். உலாவி வழியாகப் பேசலாம் என்றால், விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் கிடைத்த கடைசிக் குரோம் 2023இல் வந்த 109ஆம் பதிப்பு.

இரண்டாவது வழி எஸ்.ஐ.பி. எனப்படும் பொதுத் தரம். 2002இல் இன்றைய வடிவம் பெற்ற இது யாருடைய தனிச்சொத்தும் அல்ல. இந்தத் தரத்தைப் பேசும் எந்த மென்பொருளும், இதே தரத்தில் இயங்கும் எந்தச் சேவையோடும் இணையும். ஒரு மென்பொருள் உங்கள் விண்டோஸைக் கைவிட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். எண்ணும் கணக்கும் அப்படியே இருக்கும். பழைய கணினிக்கு நான் இதையே சிபாரிசு செய்கிறேன்.

நடைமுறையில் இது இப்படி அமையும். கனடாவில் இருக்கும் உறவினர் அங்குள்ள ஒரு வழங்குநரிடம் கணக்குத் திறக்கிறார். வொய்ப்.எம்எஸ் அப்படிப்பட்ட ஒன்று. ஜெர்மனியில் சிப்கேட் இருக்கிறது. 416 அல்லது 647 என்று தொடங்கும் ரொறொன்ரோ எண் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, அந்தக் கணக்குக்குள்ளேயே ஓர் உபகணக்கை உருவாக்கி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் உங்களுக்கு அனுப்புகிறார். பணம் செலுத்தும் முதன்மைக் கணக்கு அவரிடமே இருக்கட்டும். இனி ஸ்காபரோவில் உள்ள சித்தி தன் வீட்டிலிருந்து உள்ளூர் எண்ணை அழுத்தினால் மல்லாவியில் உங்கள் கணினி மணி அடிக்கும். கடன் அட்டை இல்லாத வீட்டுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது.

காசே செலவழிக்க விருப்பமில்லை, இரு முனையிலும் கணினியோ கைத்தொலைபேசியோ இருக்கிறது என்றால், லின்போன் என்ற மென்பொருளின் சேவை இலவசமாக எஸ்.ஐ.பி. முகவரி தருகிறது. அதிலிருந்து இன்னொரு எஸ்.ஐ.பி. முகவரிக்குப் பேசலாம், சாதாரணத் தொலைபேசி எண்களுக்குப் பேச முடியாது.

படி 2: கணினியின் உள்ளே ஒரு பார்வை

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் எந்த விண்டோஸ் என்று தெரியும். நினைவகம் 1 ஜிபி இருந்தாலே குரலுக்குப் போதும். 2 ஜிபி இருந்தால் தாராளம். 2006க்குப் பின் வந்த கோர் 2 டுவோ வகைச் செயலி 64 பிட் ஆதலால், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸின் இன்றைய பதிப்புகளையும் தாங்கும். பென்டியம் 4 வைத்திருப்பவர்கள் அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

பிறகு மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறவுங்கள். செம்மண் தூசி காற்றாடியில் அப்பியிருக்கும். அதை மெல்லிய தூரிகையால் தட்டி எடுப்பது கணினியின் ஆயுளுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் நல்லது. இரையும் காற்றாடியின் சத்தம் முழுவதும் மைக்குக்குள் போகும். தாய்ப்பலகையில் சிறு உருளைகளாக நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2000களின் முற்பகுதியில் தயாரான பலகைகளில் இந்த நோய் அதிகம். உப்பியிருந்தால் அந்தக் கணினிக்கு மேலும் காசு போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அதே பலகையில் நாணயம் போல் பதிந்திருக்கும் சீ.ஆர். 2032 மின்கலம். கணினி அணைந்திருக்கும்போது திகதியையும் நேரத்தையும் காப்பது அதுதான். அது செத்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கணினி 2005க்கோ 2009க்கோ திரும்பிப் போய்விடும். பார்க்கச் சின்னக் குறைதான்; ஆனால் இணையத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அனைத்தும் திகதியை வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. 2009இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே உலாவி "இணைப்பு பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கும். தொலைபேசி மென்பொருள் காரணமே சொல்லாமல் வழங்குநரின் சேவையகத்தில் பதிவாக மறுக்கும். இணைப்பு கெட்டுவிட்டது என்று ரவுட்டரை மாற்றியவர்கள் கூட இருக்கிறார்கள். 3 வோல்ட் மின்கலம் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். போட்டபின் திகதியைச் சரிசெய்து, மின்கம்பியை ஒருமுறை கழற்றி மாட்டி, நேரம் நிற்கிறதா என்று பாருங்கள்.

திகதி சரியாக இருந்தும் பல தளங்கள் திறக்காவிட்டால், மற்றச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கணினிக்குள் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்கள் பழையனவாக இருக்கலாம். 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானதும் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல திடீரென்று இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. அதற்கு மருந்து, அடுத்த படியில் சொல்லும் புதிய இயங்குதளம்.

படி 3: விண்டோஸா, லினக்ஸா

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காசு ஏற்றிய தொலைபேசிக் கணக்கை அதில் வைப்பது இன்னும் மோசம். விண்டோஸ் 7ஐ விட முடியாது என்பவர்கள், அந்தக் கணினியைத் தொலைபேசிக்கு மட்டும் என்று ஒதுக்கி, வங்கி, மின்னஞ்சல் எதையும் அதில் திறக்காமல் இருந்தால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம்.

லினக்ஸ் இலவசம். 64 பிட் செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு நன்றாக ஓடும்; அதன் 22ஆம் தொடருக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென்டியம் 4 போன்ற 32 பிட் கணினிகளுக்குத் தெரிவுகள் சுருங்கிவிட்டன. டெபியன் என்ற லினக்ஸ் வகை கூடத் தன் 13ஆம் பதிப்பில், 2025இல், 32 பிட் நிறுவியைக் கைவிட்டது. இப்படிப்பட்ட கணினிகளுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் பொருத்தமானது. அதன் 23ஆம் தொடர் 32 பிட்டிலும் கிடைக்கிறது.

வேகமான இணைப்புள்ள நண்பர் ஒருவரிடம் சொல்லி லினக்ஸை யூ.எஸ்.பி. குச்சியில் எழுதி வாங்குங்கள். கணினியை முடுக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகிய விசைகளில் ஒன்று தொடக்கப் பட்டியலைக் காட்டும். மிகப் பழைய கணினிகள் யூ.எஸ்.பி.யிலிருந்து தொடங்காது, அவற்றுக்கு டிவிடியில் எழுத வேண்டும். உடனே நிறுவிவிடாமல் குச்சியிலிருந்தே ஓடவிட்டு, ஒலியும் வலையமைப்பும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நிறுவினால் வன்தட்டு அழிந்துவிடும் என்பதால், கல்யாண வீட்டுப் படங்களையெல்லாம் முன்கூட்டியே வேறொரு இடத்தில் எடுத்து வையுங்கள்.

படி 4: ஒலி

பேச்சு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பழி மட்டும் இணைப்பின் மேல் விழும்.

மேசைக் கணினியின் பின்புறத்தில் மூன்று துளைகள்: இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை காதுக்கு, நீலம் வெளிக் கருவிகளுக்கு. முன்புறத் துளைகளை நம்பாதீர்கள். உள்ளூரில் பொருத்திய பெட்டிகளில் அவற்றின் கம்பி பலகையில் சொருகப்படாமலே இருக்கும். கைத்தொலைபேசியோடு வந்த ஹெட்செட்டை இந்தத் துளைகளில் சொருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது. அதன் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும்: காதும் மைக்கும் ஒரே சொருகியில். அதை இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி தனியாக விற்கிறார்கள்.

அந்தக் கம்பிக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, யூ.எஸ்.பி.யில் சொருகும் குட்டி ஒலி அட்டையோ யூ.எஸ்.பி. ஹெட்செட்டோ வாங்குவதே என் ஆலோசனை. பழைய தாய்ப்பலகையின் ஒலிப்பகுதி மின்வழங்கியின் இரைச்சலையெல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும், யூ.எஸ்.பி. ஒலி அந்த இடத்தையே தவிர்த்துவிடுகிறது. பொதுத் தரத்தில் செய்யப்பட்டவை விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி இயக்கி மென்பொருள் இல்லாமலே வேலை செய்யும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பொருளைத்தான் புதிதாக வாங்க முடியும் என்றால், அதை வாங்குங்கள்.

பிறகு கணினியிலுள்ள ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, வழக்கமாகப் பேசும் குரலில் ஊர்க்கதை ஏதாவது அரை நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். இது அழைப்பல்ல, இணையமே தேவையில்லை. இங்கே தெளிவாகக் கேட்டால் உங்கள் பக்கத்து ஒலி சரி. சீறல் கேட்டால் ஒலி அமைப்பில் 'மைக் பூஸ்ட்' என்பதைக் குறைத்து, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் வீட்டின் நிலக்கம்பியைச் சந்தேகியுங்கள். பழைய வீடுகளில் நிலக்கம்பி அறுந்தோ இல்லாமலோ இருக்கும். கணினிப் பெட்டியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று ஏறுவதும் அதனால்தான். மின்னியலாளரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது பேச்சுக்கு முன் உயிருக்கு நல்லது. மடிக்கணினியானால் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுவே.

எதிரொலி பற்றி ஒரு விதி. உங்கள் குரல் சற்றுப் பிந்தி உங்களுக்கே திரும்பிக் கேட்டால், பிழை மறுமுனையில் இருக்கிறது. அவர்களுடைய ஒலிபெருக்கியில் ஒலிக்கும் உங்கள் குரலை அவர்களுடைய மைக்கே எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. எனவே பாரிஸில் இருக்கும் மச்சான் "என் குரல் எனக்கே கேட்கிறது, உன் பக்கத்து இணைப்பு மோசம்" என்று முறையிட்டால், இணைப்பை விட்டுவிட்டு உங்கள் ஒலிபெருக்கியை அணைத்து ஹெட்செட்டுக்கு மாறுங்கள். எல்லோரும் சுற்றியிருந்து கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் போடுவது நம் வீட்டுப் பழக்கம். அதற்கு ஹெட்செட் கம்பியை இரண்டாகப் பிரித்து இருவர் கேட்கலாம். ஐந்து பேர் கேட்க வேண்டுமென்றால் எதிரொலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

படி 5: இணைப்பு

ஒரு குரல் அழைப்புக்கு எவ்வளவு டேட்டா போகும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். குரலை எண்களாக்கி அனுப்பும் முறைக்கு ஒலிக்குறியாக்கம் என்று பெயர். சாதாரணத் தொலைபேசித் தரமான ஜி.711 ஒலிக்குறியாக்கம் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும். போவதும் வருவதுமாக ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 78 மெகாபைட். ஜி.729 என்றால் ஒரு திசையில் சுமார் 31 கிலோபிட். மணிக்கு 28 மெகாபைட். 2012இல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் நிலைமைக்கேற்பத் தன்னைச் சுருக்கி விரித்துக்கொள்ளும். குறைந்த டேட்டாவில் இதன் தெளிவுக்கு மற்றவை கிட்ட வராது. காணொளி அழைப்பு ஒரு மணி நேரத்தில் சில நூறு மெகாபைட்டை விழுங்கிவிடும்.

ஆகவே வேகம் இங்கே பிரச்சினையே அல்ல. சிக்கல் தாமதத்திலும் இழப்பிலும் இருக்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400ஐத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்துகொண்டே இருப்பார்கள். கனடா போகும் அழைப்புக்குப் பாதி உலகத்தைச் சுற்றும் தூரமே தாமதத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுவதால், மிச்சத்தை நாம் வீணாக்கக் கூடாது. வழங்குநரின் சேவையகங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய முடியுமானால், பேசப்போகிறவர் இருக்கும் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ளதை எடுங்கள்.

மாலை எட்டு மணிக்கு ஒரு சோதனை செய்யுங்கள். நம் அழைப்புகள் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் விழுகின்றன: இங்கே இரவு 8 என்றால் ரொறொன்ரோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. கோபுரங்களில் நெரிசலும் அதே நேரத்தில்தான். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்று தட்டினால் கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் 'பிங்' என்ற ஆங்கிலச் சொல், பிறகு 8.8.8.8, பிறகு சிறுகோடும் என் எழுத்தும், கடைசியாக 100. இடையில் இடைவெளி விடுங்கள். லினக்ஸில் என் எழுத்துக்குப் பதிலாக சி. நூறு தட்டலில் ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் தவறினால் சொற்கள் விழும். ஒவ்வொரு தட்டலின் நேரமும் 60, 65, 62 என்று அருகருகே இருக்க வேண்டும். 60, 400, 90, 700 என்று குதித்தால் குரல் நடுங்கும்.

குதித்தால் என்ன செய்வது? முதலில் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு வாருங்கள். பழைய மடிக்கணினியின் வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் இயங்கும், சில புதிய ரவுட்டர்களின் டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பைப் புரிந்துகொள்ளவும் செய்யாது. கேபிள் 100 மீற்றர் வரை தாராளமாக ஓடும். பக்கத்து அறை ஒரு தூரமே அல்ல. அடுத்து, 4ஜி ரவுட்டரை மேசையின் கீழிருந்து எடுங்கள். மாங்குளம், துணுக்காய் போன்ற இடங்களில் கோபுரம் தூரத்தில் இருக்க, நடுவே மரங்கள் அடர்ந்து நிற்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் வலுவைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் எண் இருக்கும்: மைனஸ் 90க்கு அருகில் என்றால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் மோசம். ரவுட்டரை ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். சுவர் உச்சியில் வைப்பதாலேயே பத்து அலகு தேறுவது உண்டு. ஓட்டு வீட்டைவிடத் தகரக் கூரை வீட்டில் இந்த அலைச்சல் அதிகம்.

இன்னொரு மறைமுக எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கைத்தொலைபேசி எடுத்த படங்களைத் தானாக மேகக் கணிமைக்கு ஏற்றும்போது வெளியே போகும் பாதை அடைபட்டு, உங்கள் குரல் வரிசையில் காத்து நிற்கும். மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் விட்டுவிட்டுக் கேட்பீர்கள். உங்களுக்கு அவர் தெளிவாகக் கேட்பார். இந்த அறிகுறியைக் கண்டால் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளின் கைத்தொலைபேசி வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள்.

செய்மதி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செய்மதி வழியாக ஒரு திசைக்கே கால் நொடி கழிந்துவிடும். 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்கின் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவிலான உயரத்தில் சுற்றுவதால் அந்தக் குறை இல்லை.

படி 6: மென்பொருளும் அமைப்பும்

விண்டோஸில் மைக்ரோசிப் (MicroSIP) என்ற தொலைபேசி மென்பொருள். நிறுவி சில மெகாபைட்தான், விளம்பரம் இல்லை, நினைவகத்தில் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு இலேசு. லினக்ஸில் ட்விங்கிள் அல்லது லின்போன், இரண்டையும் மென்பொருள் மேலாளரிலிருந்தே நிறுவலாம். எதிலும் கேட்கப்படும் விபரங்கள் ஒன்றுதான்: சேவையக முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல். உறவினர் அனுப்பியதை அப்படியே ஒட்டுங்கள். முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டிக்கொண்டால் பதிவாகாது. 'ஆன்லைன்' என்று பச்சையாகக் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒலிக்குறியாக்கப் பட்டியலில் ஓப்பஸை மேலே வையுங்கள், அடுத்து ஜி.711. காணொளியை முடக்குங்கள். பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்து, 'கீப் அலைவ்' என்பதை 15 முதல் 30 நொடிக்குள் வையுங்கள். கைத்தொலைபேசி வலையமைப்புகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கின்றன. சற்று நேரம் அசைவில்லை என்றால் உங்கள் பாதையை மூடிவிடும்; அதன்பின் வரும் அழைப்பு உங்களை வந்து சேராது. கணினி தானாக உறங்கும் வசதியையும் நிறுத்துங்கள். திரை அணையலாம், கணினி அணையக் கூடாது.

எண்ணை அழுத்தும் முறை அழைப்பவரின் நாட்டை வைத்து மாறும். வவுனியாவின் 024ஐ வெளிநாட்டுக் கணக்கு வழியாக அழைத்தால் முன்னுள்ள 0 போய், நாட்டு எண் சேர்ந்து 9424 ஆகும். கிளிநொச்சியின் 021 9421 ஆகும். அதற்கு முன் 00 வேண்டுமா, கனடா முறைப்படி 011 வேண்டுமா என்பதை வழங்குநரின் உதவிப் பக்கம் சொல்லும்.

படி 7: முதல் அழைப்பு, முதல் கோளாறு

ரொறொன்ரோவை எழுப்புவதற்கு முன் வழங்குநரின் எதிரொலிச் சோதனை எண்ணை அழையுங்கள். பெரும்பாலானவர்களிடம் அப்படி ஒன்று இருக்கும். நீங்கள் பேசியதை அது திருப்பிச் சொல்லும்.

அடிக்கடி வரும் கோளாறு ஒருவழிக் குரல். மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் கேட்கிறது. எஸ்.ஐ.பி. முறையில் அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு பாதையிலும் குரல் வேறொரு பாதையிலும் போகின்றன. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி தன் உள்வீட்டு முகவரியைச் சொல்லிவிட, மறுமுனை அங்கே குரலை அனுப்பி, அது காற்றில் போகிறது. இரண்டு மருந்துகள். மென்பொருளில், கணினிக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லிக்கொடுக்கும் 'ஸ்டன்' சேவையகத்தைச் செயற்படுத்துங்கள். ரவுட்டரின் அமைப்பில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்துங்கள். உதவி செய்வதற்கென்று போடப்பட்ட அந்த வசதி பெரும்பாலும் உபத்திரவமே செய்கிறது. இரண்டும் பலிக்காவிட்டால் போக்குவரத்து முறையை யூ.டி.பி.யிலிருந்து டி.சி.பி.க்கு மாற்றிப் பாருங்கள். அழைப்பு முப்பது நொடியில் தானாக அறுந்தாலும் இதே வைத்தியம்தான்.

நள்ளிரவில் மணி அடித்து, எடுத்தால் மௌனம், திரையில் 100 அல்லது 1001 போன்ற குட்டி எண் தெரிந்தால் பதற வேண்டாம். இந்த மண்ணில் நள்ளிரவு அழைப்பு என்றால் நெஞ்சு திடுக்கிடுவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் இதற்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை. இணையம் முழுவதும் எஸ்.ஐ.பி. கருவிகளைத் தேடித் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் செய்யும் வேலை அது. வழக்கமான 5060 என்ற துறை (போர்ட்) எண்ணை மென்பொருளில் வேறொன்றாக மாற்றினால் அல்லது டி.சி.பி.க்கு மாறினால் நின்றுவிடும். ரவுட்டரில் அந்தத் துறையை வெளியே திறந்து வைத்திருந்தால் மூடுங்கள்.

பணமும் சட்டமும் அவசரமும்

அந்த நிரல்கள் கடவுச்சொல்லையும் ஊகிக்கும். அகப்பட்டுவிட்டால் ஓர் இரவில் விலை கூடிய நாடுகளுக்கெல்லாம் உங்கள் கணக்கில் அழைப்புப் போகும். நீளமான கடவுச்சொல், தானாகப் பணம் ஏற்றும் வசதி வேண்டாம், கையிருப்பு எப்போதும் சிறு தொகை, தேவையான நாடுகளைத் தவிர மற்றவை பூட்டப்பட்டிருக்க வேண்டும். இவை உறவினரின் முதன்மைக் கணக்கில் செய்ய வேண்டிய வேலைகள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டாரோடு பேச இதைப் பயன்படுத்துவது ஒன்று, அயலவரிடம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கி அழைப்பு விற்பது வேறு. அதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் சிம்களுக்குத் திருப்பிவிடும் பெட்டியை வைக்கச் சொல்லி யாராவது மாத வாடகை பேசினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

119க்கும் 1990 அம்புலன்ஸுக்கும் இந்த வழியாக அழைக்க முயல வேண்டாம், கைத்தொலைபேசியைப் பயன்படுத்துங்கள். ரொறொன்ரோ எண்ணுள்ள கணினியில் பிள்ளைகள் விளையாட்டாக 911 அழுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கனடாவில் விழும். அந்த எண்ணோடு பதிவான ஸ்காபரோ முகவரிக்கு ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

மின்சாரமும் இடியும்

மேசைக் கணினிக்கான சாதாரண யூ.பி.எஸ். மின்வெட்டில் சில நிமிடங்களுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். பேச்சை முடித்துக்கொண்டு ஒழுங்காக அணைக்க அது போதும். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது, மணிக்கணக்கில் ஓடும், விலையும் அதிகமில்லை. ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் வானம் கறுத்தால் மின்சொருகியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். மின்சாரத்தை மட்டும் துண்டித்துவிட்டு ஏ.டி.எஸ்.எல். கம்பியை அப்படியே விட்டால், மின்னல் அதன் வழியாக வந்து ரவுட்டரையும் கணினியின் வலையமைப்பு அட்டையையும் ஒன்றாகக் கொண்டுபோகும்.

கணினி இல்லாமலே செய்யலாமா

செய்யலாம். அழைக்கும்போது மட்டும் கணினியைப் போடுவதானால் மேலே சொன்னவை போதும். ஆனால் எந்நேரமும் வரும் அழைப்புகளை எடுக்க வேண்டும் என்றால், சுமார் 100 வாட் இழுக்கும் மேசைக் கணினியை இரவு பகலாக ஓடவிட்டால் மாதத்துக்கு 72 அலகு. மின்பட்டியலில் அது சும்மா போகாது. அந்த வீட்டுக்கு ஏ.டி.ஏ. எனப்படும் சிறு மாற்றிப் பெட்டி பொருத்தம், கிராண்ட்ஸ்ட்ரீமின் எச்.டி.801 பரவலாகக் கிடைக்கும் ஒன்று. ஒரு பக்கம் ரவுட்டரின் கேபிள், மறுபக்கம் அலுமாரியில் கிடக்கும் பழைய விசைத் தொலைபேசி. கணினியில் போட்ட அதே சேவையக முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல்தான் இதிலும். கணினியின் உலாவியில் அதன் பக்கத்தைத் திறந்து ஒருமுறை நிரப்பினால் போதும். இரண்டையும் ஒரே உபகணக்கில் பதிவு செய்தால் சில வழங்குநர்களிடம் கடைசியாகப் பதிவானது மட்டுமே மணி அடிக்கும். ஆகவே பெட்டிக்கு இன்னோர் உபகணக்கு வாங்கி, வரும் அழைப்பு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி உறவினரை அமைக்கச் சொல்லுங்கள்.